ஃபோர்ட் கொச்சி ஹோம்ஸ்டேயில் சிக்கனமாகத் தங்க: முழுமையான வழிகாட்டி

கீழே வீட்டுக்காரர் குடும்பம், மாடியில் மூன்று நான்கு அறை, வாசலில் சின்னப் பலகை. ஃபோர்ட் கொச்சியில் சந்துக்குச் சந்து இப்படி ஒரு வீடு இருக்கிறது. நாளுக்கு 2,000 ரூபாய்க்குள் அறை தேடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதற்கு மேல் செலவு செய்பவர்களுக்கு ஹோட்டல் ரிசப்ஷன் இருக்கிறது, இந்தத் தலைவலி எதுவும் கிடையாது.

முதல்முறை போகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். போனில் கேட்டிருக்க வேண்டியதை, பையும் பிள்ளைகளுமாக வாசலில் நின்றுகொண்டு கேட்பார்கள். அதனால் முதல் நான்கு படிகளையும் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள்.

கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள அட்டை வேண்டும். ஒருவர் ஆதாரைக் காட்டி ஐந்து பேர் நுழைய முடியாது. நகலை வாட்ஸப்பில் கேட்டால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை அனுப்புங்கள். ஓட்டுநர் உரிமமும் போதும்.

கூட வரும் உறவினர் மலேசிய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருந்தால் விஷயம் வேறு. வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அவர் விவரத்தை அரசிடம் ஆன்லைனில் பதிவு செய்தாக வேண்டும் (‘ஃபார்ம் சி’ என்று சொல்லிவந்தது இதைத்தான்). இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். பதிவு வசதி இல்லாத வீடுகள் வெளிநாட்டவரை ஏற்க மாட்டார்கள், முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

மற்றபடி கொசுவத்தி அல்லது லிக்விட் மெஷின், மெல்லிய துண்டு, சின்ன டார்ச், குடை, பத்து இருபது ரூபாய் சில்லறை. துண்டு ஏன் என்பது ஒன்பதாவது படியில் வரும்.

1. முதலில் தேதி, அப்புறம்தான் வீடு

பலர் படம் பார்த்து வீட்டைப் பிடித்துக்கொண்டு, பிறகு தேதியை அதற்குள் திணிக்கிறார்கள். இந்த ஊரில் தேதிதான் வாடகையை முடிவு செய்கிறது.

கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பிருந்து புத்தாண்டு வரை ‘கொச்சின் கார்னிவல்’ காலம். டிசம்பர் 31 நள்ளிரவில் பாப்பாஞ்ஞி என்ற கிழவர் உருவத்தை எரிப்பதைப் பார்க்க எர்ணாகுளமே திரண்டு வரும். வாடகை ஏறுவதோடு போகாது. அன்று வண்டிகளைப் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள், திரும்பும் படகுக்கு மணிக்கணக்கில் வரிசை நிற்கும். கொண்டாட்டத்துக்கென்றே போகிறீர்கள் என்றால் சரி, பழைய தெருக்களை நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் அந்த வாரம் வேண்டாம். பினாலே என்ற கலைக் கண்காட்சி நடக்கும் வருடங்களில் டிசம்பர் முதல் மார்ச் வரை வார இறுதி அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அறை மலிவு, பேரம் படியும். ஆனால் துணி காயாது, சுவர் ஈரம் குடித்திருக்கும். என் கணக்கில் ஜனவரி மூன்றாம் வாரத்துக்கு மேல் பிப்ரவரி வரைதான் விலையும் வானிலையும் ஒத்துப்போகும் காலம்.

கிழமையையும் பாருங்கள். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. யூதர் ஆலயத்தைச் சனிக்கிழமை திறக்க மாட்டார்கள், வெள்ளி மதியத்துக்கு மேலும் நம்ப முடியாது. இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரே நடையில் முடிக்க வேண்டுமென்றால் ஞாயிறு முதல் வியாழனுக்குள் ஒரு பகல் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

2. தெருவைத் தேர்ந்தெடுங்கள்

‘ஃபோர்ட் கொச்சி’ என்று போட்டிருக்கும் வீடு எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். வரைபடத்தில் பரேடு மைதானத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

பிரின்சஸ் தெரு, ரோஸ் தெரு, பர்கர் தெரு பக்கம் எல்லாமே நடை தூரம், கூடவே கஃபே சத்தமும் உண்டு. கே.பி. ஜேக்கப் ரோடு, ‘வெளி’ என்ற பகுதி, இந்தப் பக்கம் வாடகை குறையும், கடற்கரைக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மசாலா மண்டிகளின் லாரிகள் காலையிலேயே வந்துவிடும். தூக்கம் முக்கியமென்றால் அது வேண்டாம். வயதானவர்களோடு போகிறவர்கள் பரேடு மைதானத்தைச் சுற்றியே பிடியுங்கள். இருநூறு முந்நூறு ரூபாய் கூடினாலும் ஆட்டோ செலவில் அது திரும்பி வந்துவிடும்.

3. போன் போடுங்கள், ஆப்பில் மட்டும் நம்பி இருக்காதீர்கள்

புக்கிங் ஆப்பில் வீட்டைக் கண்டுபிடிக்கலாம், தப்பில்லை. ஆனால் பணம் கட்டும் முன் ஒருமுறை பேசுங்கள். தமிழிலேயே பேசலாம், அவர்களுக்குப் புரியும். வயதானவர் எடுத்தால் ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’, நடுவயதுக்காரர் என்றால் ‘சேட்டா’, ‘சேச்சி’.

முதல் கேள்வி: “நீங்க அந்த வீட்லயேதான் இருக்கீங்களா?” கேரள சுற்றுலாத் துறை ஹோம்ஸ்டேக்களை டயமண்ட், கோல்டு, சில்வர் என்று தரம் பிரித்துச் சான்று தருகிறது. அதற்கு வீட்டுக்காரர் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும், விருந்தினர் அறை ஆறுக்கு மேல் போகக் கூடாது. நடைமுறையில் வீட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மேனேஜர் ஒருவரை உட்கார வைத்திருக்கும் இடங்களும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் ராத்திரி பதினொரு மணிக்குத் தண்ணீர் நின்றால், போன் அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் இருக்காது.

அடுத்து ஏசி. “ஏசி ரூமா?” என்று மட்டும் கேட்டால் “ஆமா” என்பார்கள், அது உண்மையும்கூட. ஏசி சுவரில் இருக்கும், ரிமோட் வீட்டுக்காரர் அலமாரியில் இருக்கும். ஒரே அறையை ஏசி போட்டு ஒரு விலைக்கும் போடாமல் ஒரு விலைக்கும் விடுவது இங்கே சகஜம். “இந்த விலையில் ஏசி போட்டுக்கலாமா, ராத்திரி மட்டுமா, பகலிலுமா?” என்று கேளுங்கள். இதில் ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை, கரன்ட் பில் அவர்களுடையது. ஆனால் கேட்காமல் போனவர்கள்தான் வாசலில் சண்டை போடுகிறார்கள்.

பாத்ரூம் அறைக்குள்ளேயா, வெளியே பொதுவானதா? ஆப்பில் ‘பிரைவேட் பாத்ரூம்’ என்று இருக்கும், வராந்தாவைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும். உங்களுக்கு மட்டும்தான், ஆனால் உள்ளே இல்லை.

மாடிப்படி எப்படி? பழைய வீடுகளில் மரப்படி செங்குத்தாக ஏறும், பிடிமானம் ஒரு பக்கம்தான் இருக்கும். முழங்கால் வலிக்காரர்கள் கூட வந்தால் கீழ்த்தள அறை உண்டா என்று கேளுங்கள். கரன்ட் போனால் இன்வர்ட்டர் உண்டா என்பது மழைக்காலத்தில் முக்கியம். உண்டு என்றாலும் ஃபேனும் விளக்கும்தான் ஓடும், ஏசி ஓடாது.

இவற்றோடு வெளிக்கதவை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், மூன்றாவது ஆளுக்கு மெத்தை போட எவ்வளவு, காலை உணவு விலைக்குள் வருகிறதா, வரி தனியா என்பதையும் விசாரியுங்கள். கல்யாணமாகாத ஜோடி, மது, ராத்திரி வந்து பார்க்கும் நண்பர்கள் விஷயத்தில் வீட்டுக்கு வீடு விதி மாறும். நேராகக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கேட்காமல் வந்து நின்றால்தான் இரண்டு பக்கமும் சங்கடம்.

இரவு ரயிலில் வருகிறவர்கள் விடிந்ததும் எர்ணாகுளத்தில் இறங்கிவிடுவீர்கள், அறை மதியம்தான் காலியாகும். அதுவரை பையை வைத்துவிட்டுக் குளிக்க முடியுமா என்று கேட்டுவையுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள்.

4. அட்வான்ஸ் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்குங்கள்

பேசி முடித்ததும் நீங்களே ஒரு செய்தி அனுப்புங்கள். “10ஆம் தேதி சனி மதியம் முதல் 12ஆம் தேதி திங்கள் காலை வரை, மாடி அறை, ராத்திரி ஏசி உண்டு, பாத்ரூம் உள்ளே, இரண்டு பேர் + ஒரு மெத்தை, காலை உணவோடு நாளுக்கு இவ்வளவு, அட்வான்ஸ் இவ்வளவு.” அவர் “ஓகே” போட்டால் போதும். போனில் பேசியவர் அப்பாவாக இருப்பார், நீங்கள் போகும் நாளில் மகன் இருப்பார். அவருக்குக் காட்ட இந்தச் செய்தி வேண்டும்.

ஒரு நாள் வாடகைக்கு மேல் அட்வான்ஸ் அனுப்பத் தேவையில்லை. யுபிஐயில் வரும் பெயரும் நீங்கள் பேசிய ஆளின் பெயரும் பொருந்துகிறதா பாருங்கள். சம்பந்தமே இல்லாத பெயர் வந்தால் போன் போட்டுக் கேட்ட பிறகு அனுப்புங்கள். வரவில்லையென்றால் பணம் திரும்புமா என்பதையும் அந்தச் செய்தியிலேயே சேர்த்துவிடுங்கள்.

5. போய்ச் சேர்வது

எர்ணாகுளத்தில் ரயில் நிலையம் இரண்டு. ஜங்ஷனை ‘சவுத்’ என்றும் டவுனை ‘நார்த்’ என்றும் சொல்வார்கள். எதில் இறங்கினாலும் ஆட்டோவை நேராக ஃபோர்ட் கொச்சிக்குப் பேசாதீர்கள். ஜெட்டிக்குப் போய்ப் படகைப் பிடியுங்கள். எர்ணாகுளம் ஜெட்டியிலிருந்து அரசுப் படகு, ஹைகோர்ட்டிலிருந்து ஏசி வைத்த வாட்டர் மெட்ரோ. ரோடு தோப்பும்படியைச் சுற்றிக்கொண்டு போகிறது, படகு நேராகக் குறுக்கே போகிறது. அரசுப் படகுக்குச் சில்லறை போதும். ஞாயிறு சாயங்காலம் வாட்டர் மெட்ரோ வரிசையில் நிற்பதைவிட அதுவே மேல்.

ராத்திரி எட்டரைக்கு மேல் இறங்கினால் படகை நம்ப வேண்டாம், ஆப் டாக்ஸிதான். விமானத்தில் வருகிறவர்கள் கவனிக்க: விமான நிலையம் நெடும்பாசேரியில், நகரத்துக்கு வடக்கே வெகு தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து டாக்ஸி பிடித்தால் ஒரு நாள் அறை வாடகை அதிலேயே போய்விடும். ஃபோர்ட் கொச்சிக்கு ஏசி அரசு பஸ் உண்டா என்று முதலில் விசாரியுங்கள்.

சொந்தக் காரில் கோவை வழியாக வருகிறவர்களை மேப் எதிர்க்கரையில் உள்ள வைப்பின் பக்கம் கொண்டுபோய் நிறுத்தலாம். அங்கிருந்து ஜங்கார் என்ற வாகனப் படகில் காரை ஏற்றி ஐந்து நிமிடத்தில் அக்கரை போகலாம். வார இறுதியில் வரிசை நீளம் என்றால் தோப்பும்படி வழிதான். காரை எங்கே நிறுத்துவது என்று வீட்டுக்காரரிடம் முன்பே கேளுங்கள், பல சந்துகளில் கார் நுழைந்தால் திரும்ப முடியாது.

ஜெட்டியில் இறங்கியதும் ஆட்டோக்காரர் யாராவது “அந்த ஹோம்ஸ்டே மூடிட்டாங்க, நல்ல இடம் காட்டறேன்” என்றால், அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போடுங்கள். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

6. பையைத் திறக்கும் முன் அறையைப் பாருங்கள்

வரிசையாகச் செய்யுங்கள். உள்ளே போனதும் முதலில் ஏசியைப் போட்டுவிடுங்கள், குளிர்கிறதா என்று தெரியப் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் கீசரைப் போட்டு, குழாயைத் திறந்து தண்ணீர் வேகத்தைப் பாருங்கள். மெத்தையின் மூலையைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். பெட்ஷீட் தினம் மாறும், ஈர வாடை மெத்தையில்தான் தங்கும். ஜன்னல் வலையில் ஓட்டை இருக்கிறதா, கதவுத் தாழ்ப்பாள் விழுகிறதா, அதையும் பாருங்கள்.

பிடிக்கவில்லை என்றால் உடனே சொல்லிவிடுங்கள். நீங்கள் படுக்கையில் உட்காரும் வரை அது சுத்தமான அறை, வேறு அறைக்கு மாற்றித் தருவது அவர்களுக்குச் சுலபம். ஒரு தூக்கம் போட்டுவிட்டுச் சொன்னால் துணி மாற்றி, கூட்டிப் பெருக்கி, மறுபடி தயார் செய்ய வேண்டும். அப்போது முகம் சுளிக்கத்தான் செய்வார்கள்.

சோப்பு நுரைக்கவில்லை என்று பயப்படாதீர்கள். கடலும் காயலும் சூழ்ந்த ஊர், கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும். குடிக்க அந்தக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், கீழே கேளுங்கள். வெதுவெதுப்பாக, ரோஸ் நிறத்தில் ஒரு ஜக் வரும். சாயத் தண்ணீர் என்று நினைத்துக் கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. அது பதிமுகம் என்ற மரத்தின் கட்டைச் சீவலைப் போட்டுக் கொதிக்க வைத்தது, தைரியமாகக் குடிக்கலாம்.

சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் ஜன்னலைச் சாத்திவிடுங்கள். இருட்டின பிறகு சாத்தினால் கொசுவை உள்ளே வைத்துப் பூட்டியதாகத்தான் அர்த்தம்.

7. வீட்டின் நேரத்தோடு ஒத்துப்போங்கள்

செருப்பை எங்கே கழற்றுகிறார்களோ அங்கேயே கழற்றுங்கள். முன் ஹால் பெரும்பாலும் குடும்பத்தின் இடம், கூப்பிட்டால் உட்காரலாம். இங்கே ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களில் கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைய. அந்தி நேரத்தில் கீழே கொந்த சொல்லிக்கொண்டிருப்பார்கள், அதாவது ஜெபமாலை. அந்த அரை மணி நேரம் படியில் ஓட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். ஞாயிறு காலை பூசைக்குப் போய்விடுவார்கள். அன்று டிபன் ஆறரைக்கா, ஒன்பதுக்கு மேலா என்று சனி ராத்திரியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஆட்களிடம் வீட்டுக்காரர்களுக்கு இருக்கும் மனக்குறை இரண்டு. தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்துத் தலையணை உறையைப் பாழாக்குவது ஒன்று. அறைக்குள் இண்டக்‌ஷன் அடுப்பையோ ரைஸ் குக்கரையோ சொருகுவது இன்னொன்று. பழைய ஒயரிங், ஏசியோடு சேர்ந்து அது ஓடினால் வீடே இருட்டாகிவிடும். குழந்தைக்குக் கஞ்சி வைக்க வேண்டுமா, கீழே போய்ச் சொல்லுங்கள். எந்த ஆன்ட்டியும் மறுத்து நான் பார்த்ததில்லை.

ராத்திரி தாமதமாகத் திரும்புவதாக இருந்தால் வெளிக்கதவுச் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கியதும் பகலிலேயே ஒருமுறை திறந்து பாருங்கள். பழைய பூட்டுகளில் சாவியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துத் திருப்ப வேண்டியிருக்கும், நள்ளிரவில் டார்ச் வெளிச்சத்தில் அதைக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

8. சாப்பாடு

காலையில் ஆப்பமும் முட்டை ரோஸ்ட்டும், புட்டும் கடலையும், இடியாப்பமும் ஸ்டூவும் கிடைக்கும். முதல் நாள் ராத்திரியே எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று சொல்லிவிடுங்கள். மாவு கரைக்கும் வீட்டில் காலையில் வந்து எண்ணிக்கையை மாற்ற முடியாது.

சுத்த சைவமென்றால் புக்கிங் சமயத்திலேயே சொல்லுங்கள். ஸ்டூவில் கறி இருக்கலாம். தனியாகச் செய்து தருவார்கள், ஆனால் சமையலறை ஒன்றுதான், மீனும் பீஃபும் அங்கேதான் வேகும். அந்த வாசனையே ஆகாது என்பவர்கள் அறையை மட்டும் எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு மட்டாஞ்சேரி குஜராத்தி ரோடு பக்கம் போங்கள். தலைமுறைகளாக குஜராத்திகள் வாழும் தெரு, சைவக் கடைகள் உண்டு. சிவப்பு மட்ட அரிசிச் சோறு பிள்ளைகளுக்குப் பிடிக்காவிட்டால் ‘பச்சரி’ என்று கேளுங்கள், வெள்ளைச் சோறு கிடைக்கும்.

கடற்கரையில் சீன மீன்வலைகள் இருக்கும் பக்கம் மீனைக் காட்டி “வறுத்துத் தருகிறோம்” என்பார்கள். மீனை எடை போட்டு, சமைக்கும் கூலியையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று சொன்ன பிறகு சுத்தம் செய்யச் சொல்லுங்கள். செதில் உரிந்துவிட்டால் பேரம் முடிந்தது.

9. துணி

இரண்டு நாள் தங்கினாலே இந்தப் பிரச்சினை வரும். காற்றில் அவ்வளவு ஈரம். ஹோம்ஸ்டே துண்டு கனமானது, காலையில் நனைந்தால் ராத்திரியும் ஈரமாகவே கிடக்கும். மெல்லிய துண்டு கொண்டுவரச் சொன்னது இதற்குத்தான். துவைத்ததை வராந்தா மரக் கைப்பிடியில் போடாதீர்கள், மரம் ஈரம் குடிக்கும், மொட்டை மாடிக் கொடியைக் கேளுங்கள்.

பேன்ட், சட்டை, சேலையென்றால் ‘வெளி’ பகுதியில் தோபி கானா என்ற சலவைக்கூடம் இருக்கிறது. டச்சுக்காரர்கள் காலத்தில் படைத்துணி வெளுக்கக் கொண்டுவரப்பட்ட தமிழ் வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே கல்லில் அடித்துத் துவைக்கிறார்கள். முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணி முனையைச் செருகிவிடுவார்கள், கிளிப்பே கிடையாது, காற்றுக்கு ஒன்றும் பறக்காது. அங்கே தமிழிலேயே பேசலாம். எப்போது கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள், மழை நாளில் அவர்கள் கையிலும் இல்லை. ஊருக்குத் திரும்பும் நாளுக்கு முந்தின நாள் கொடுக்க வேண்டாம்.

10. வெளியே சுற்றும்போது

ஃபோர்ட்டுக்குள் நடை போதும். மட்டாஞ்சேரிக்கு ஆட்டோ பிடித்தால் ஏறும் முன்பே “கடை வேண்டாம், நேரா அரண்மனை” என்று சொல்லுங்கள். மிகக் குறைந்த வாடகைக்கு ஊரையே சுற்றிக்காட்டுகிறேன் என்பவர் மசாலாக் கடை, கைவினைக் கடை கமிஷனை நம்பி ஓட்டுகிறார். கடை பார்க்க ஆசையென்றால் அதுவும் ஒரு வழிதான்.

ஃபோர்ட் கொச்சிக் கடல் குளிக்க ஏற்றதல்ல. அக்கரை போய் வைப்பினிலிருந்து பஸ்ஸில் செராய் கடற்கரைக்குப் போங்கள். ஆலப்புழை படகு, டாக்ஸி என்று வீட்டுக்காரர் ஏற்பாடு செய்து தருவதாகச் சொன்னால் அதில் அவருக்கும் சிறு பங்கு இருக்கலாம். வெளியே ஒரு விலை விசாரித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் வீட்டுக்காரர் வழியாகவே போவேன், வண்டி வராவிட்டால் கேட்க ஆள் இருக்கிறது.

ஹர்த்தால், அதாவது பந்த், அறிவித்திருந்தால் கடையும் ஆட்டோவும் சாயங்காலம் ஆறு மணி வரை இருக்காது. காலையிலேயே கீழே போய் மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.

11. கணக்கு முடித்துக் கிளம்புவது

கிளம்பும் காலையில் கணக்குப் பார்க்காதீர்கள். முந்தின ராத்திரி உட்கார்ந்து முடியுங்கள். டீ, கூடுதல் சாப்பாடு, மெத்தை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள், நிதானமாகப் பார்த்தால் விட்டுப்போனதும் கூடிப்போனதும் தெரியும். கழிக்க வேண்டிய அட்வான்ஸையும் நான்காம் படியில் அனுப்பிய செய்தியைக் காட்டி நினைவூட்டுங்கள். அறையைச் சுத்தம் செய்யும் அக்காவுக்குக் கொடுப்பதை அவர் கையிலேயே கொடுங்கள், யுபிஐ கணக்கோடு சேர்க்க வேண்டாம்.

மொட்டை மாடிக் கொடியைப் பாருங்கள். மறந்துவிட்டுப் போவது பெரும்பாலும் அங்கேதான் தொங்கும்.

விடிகாலை ரயிலென்றால் அந்த நேரத்துக்குப் படகை நம்ப வேண்டாம். ராத்திரியே வீட்டுக்காரரிடம் சொல்லித் தெரிந்த ஆட்டோவுக்குச் சொல்லிவையுங்கள். தோப்பும்படி வழியாக ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். விடிகாலையில் அவ்வளவு ஆகாது, ஆனால் சவுத்தா நார்த்தா என்று டிக்கெட்டைத் தேடும் நேரமும் அதில் அடங்கும்.